கொட்டாரப்பட்டியார் செல்போனில் சம்பந்தம் பேசிய கதை

கொட்டாரப்பட்டிக்கு எந்த வழியாகப் போக வேண்டும் என்று அந்த ஊர்க்காரர்களைக் கேட்டுப் பிரயோஜனம் இல்லை. "நாங்க இங்கயேதான இருக்கோம், வர்ற வழி எங்களுக்கெப்படித் தெரியும்?" என்பார்கள். ஊர் இருப்பது நிஜம். அங்கே வைரக்கண்ணு இருந்ததும் நிஜம்.

வைரக்கண்ணு அரிசி மில்லில் வேலை பார்த்து ஓய்ந்தவர். மில் இரைச்சலிலேயே காலம் போனதால், எதிரில் உட்கார்ந்திருப்பவரிடமும் ஆற்றுக்கு அக்கரையில் நிற்பவரிடம் பேசுவது போலத்தான் பேசுவார். தங்கமான மனுஷர். ஆனால் அந்தக் குரலால் அவர் மூத்த மகன் இளவழகனுக்கு ஒரு சம்பந்தமே கைநழுவிப் போயிருந்தது. மாப்பிள்ளையின் அப்பா சண்டைக்கு வருகிறார் என்று பெண் வீட்டார் எழுந்து போய்விட்டார்கள். காபி எடுத்துக்குங்க என்றுதான் அவர் சொல்லியிருந்தார்.

அதற்கப்புறம் வந்த இடம் எதுவும் கூடவில்லை. இளவழகனுக்குக் கப்பலில் வேலை. தலையும் நரைக்கத் தொடங்கிவிட்டது. கடைசியில் மேலச்சுனை அம்பலவாணரின் மகள் மங்கையர்க்கரசி வாய்த்தாள். கோயம்புத்தூரில் பேங்கில் இருக்கிறாள். அவளும் இளவழகனும் பேசிப் பிடித்துப்போய், பெரியவர்கள் தட்டு மாற்ற வேண்டியதுதான் பாக்கி.

கப்பலுக்குக் கிளம்புமுன் இளவழகன் அப்பாவுக்கு ஒரு கைபேசி வாங்கிக் கொடுத்தான். நடுக்கடலுக்குப் போய்விட்டால் தன்னைப் பிடிக்க முடியாது, மேலச்சுனை மாமா இதில்தான் செய்தி அனுப்புவார், பார்த்துப் பதில் சொல்லுங்கள் என்றான். பிறகு வாசலில் நின்று ஒன்று சொன்னான்.

"படம் படமா நிறைய இருக்கும்ப்பா. தெரியாத படத்தை மட்டும் கேக்காம தொட்டுடாதீங்க. காரியம் கெட்டுடும்."

வைரக்கண்ணு அதைக் கீதை மாதிரி மனசில் எழுதிக்கொண்டார்.

மறுநாள் கைபேசியோடு பழைய பால் சொசைட்டிக் கட்டிடத்துக்குப் போனார். அவருடைய சிநேகிதர்கள் மூன்று பேரும் அங்கேதான் இருப்பார்கள். செக்கு வைத்திருந்த தாயுமானவன், நெற்றி நிறைய விபூதி. தையற்காரர் வரதராஜு, நெற்றி நிறைய நாமம். பிச்சைமுத்து பள்ளிக்கூடத்தில் பியூனாக இருந்தவர். பரீட்சைத் தாள்களைக் கட்டுக் கட்டாகச் சுமந்ததால் படிப்பு விஷயத்தில் அவர் பேச்சுக்கு அங்கே மறுபேச்சு கிடையாது.

"கேக்காம தொடக்கூடாதுன்னான், சரி. யாரைக் கேக்கணும்னு சொன்னானா?" என்றார் பிச்சைமுத்து.

சொல்லவில்லை என்றார் வைரக்கண்ணு.

"அப்ப படத்தையேதான் கேக்கச் சொல்லியிருக்கான்."

நியாயமாகப் பட்டது. அன்றிலிருந்து ஒவ்வொரு படத்தையும் தொடுமுன் வைரக்கண்ணு குனிந்து, "ஐயா, தொடலாமுங்களா?" என்று தெருமுனை வரை கேட்கும்படி கேட்பார். எந்தப் படமும் கூடாது என்று சொன்னதில்லை.

அம்பலவாணரின் செய்தி ஏற்கெனவே வந்திருந்தது. வியாழக்கிழமை நாள் நன்றாக இருக்கிறது, அவ்வளவுதான். ஆனால் அதை யாரும் அப்போது படிக்கவில்லை. திரையின் மேல் மூலையில் ஒன்றன்கீழ் ஒன்றாக மூன்று கோடு இருந்ததைத் தாயுமானவன் பார்த்துவிட்டார். செருப்பைக் கழற்றிவிட்டு எழுந்து நின்றார்.

"திருநீத்துப் பட்டை. இது சிவன் சொத்துய்யா."

வரதராஜுவுக்கு முகம் சுருங்கிவிட்டது. இந்தச் சம்பந்தத்தில் தனக்கு இனி என்ன வேலை என்று துண்டை உதறித் தோளில் போட்டுக்கொண்டார். வைரக்கண்ணுதான் கையைப் பிடித்து உட்கார வைத்தார். உட்கார்ந்தவர் சும்மா இருக்காமல் திரையின் அடிப்பக்கத்தைப் பார்த்தார். அங்கே ஒலிவாங்கிப் படம் ஒன்று. இரண்டு பக்கமும் வளைந்து வரும் கோடு, நடுவில் ஒரு குத்து, கீழே பாதம். வரதராஜு அப்படியே நெடுஞ்சாண்கிடையாக விழுந்தார்.

எழுந்தவர், நாமத்தைக் கீழே போட்டுப் பட்டையை மேலே வைத்தது எந்த ஊர் நியாயம் என்று கேட்டார். கைபேசியைத் தலைகீழாகத் திருப்பினார்கள். திரையும் கூடவே திரும்பிக்கொண்டு, பட்டை மறுபடி மேலே போயிற்று. இன்னொரு தடவை திருப்பினார்கள். மறுபடியும் பட்டைதான் மேலே.

"பார்த்தியா, அதுக்கே தெரியுது," என்றார் தாயுமானவன்.

வரதராஜு பெருமாளை விடவில்லை. நாமத்தின் மேல் விரலை அழுத்தி வைத்துக்கொண்டு கண்ணை மூடினார். கண் மூடியிருந்தாலும் வாய் மூடவில்லை. எங்க ஆளு எதுக்குக் கீழே இருக்கணும் என்றார். வேணும்னா உங்க ஆளு இறங்கி வரட்டும் என்றார் தாயுமானவன். நாங்க ஏன் இறங்கி வரணும், உங்க ஆளே இறங்கி வரட்டும் என்று வரதராஜு. இரண்டு பேரும் சாமியைப் பற்றிப் பேசாதீங்கய்யா என்று வைரக்கண்ணு போட்ட சத்தத்தில் சொசைட்டிக் கூரையில் இருந்த புறாவெல்லாம் பறந்துவிட்டன. களைத்துப்போய் வரதராஜு விரலை எடுத்தார். கைபேசி 'ட்வூப்' என்றது.

"ஏத்துக்கிட்டாரு," என்றார் வரதராஜு, நிம்மதியாக.

அவர்கள் பேசியது அத்தனையும் மேலச்சுனைக்குப் போய்ச் சேர்ந்தது அவர்களுக்குத் தெரியாது.

பிறகு காரியத்துக்கு வந்தார்கள். வியாழக்கிழமை நாங்கள் தட்டோடு வரலாமா என்று வைரக்கண்ணு ஒற்றை விரலால் எழுத்துக் கூட்டி அனுப்பினார். செய்திக்குப் பக்கத்தில் சின்னதாக ஒரு 'டிக்' விழுந்தது. எல்லோரும் பிச்சைமுத்துவைப் பார்த்தார்கள். அவர் கண்ணாடியை மாட்டிக்கொண்டார்.

"சரி போட்டிருக்காங்க. ஒண்ணுதான். வீட்டுல ஒருத்தருக்குத்தான் சம்மதம்."

சற்று நேரத்தில் இன்னொரு சரி விழுந்தது. அம்மாவும் போட்டுவிட்டாள் என்றார் பிச்சைமுத்து. வைரக்கண்ணு துண்டால் முகத்தைத் துடைத்துக்கொள்வதற்குள் பிச்சைமுத்து கையை உயர்த்தினார்.

"அவசரப்படாதே. ரெண்டும் சாம்பல் கலர். பென்சில்ல போட்டிருக்காங்க. எப்ப வேணா அழிச்சுடலாம்."

நான்கு பேரும் மூச்சைப் பிடித்துக்கொண்டு அந்தப் பென்சில் குறியையே பார்த்தபடி இருந்தார்கள். வெயில் தாழ்ந்த நேரத்தில் இரண்டு சரியும் நீலமாக மாறின. மை போட்டுவிட்டார்கள். பிச்சைமுத்து எழுந்து வைரக்கண்ணுவைக் கட்டிக்கொண்டார். இனி அந்தச் சம்மதத்தை யாராலும் அழிக்க முடியாது.

அதோடு விட்டிருக்கலாம். மறுநாள் அம்பலவாணர் ஒரு படம் அனுப்பினார். விரித்த உள்ளங்கை ஒன்று, வேறு எதுவும் இல்லை.

தாயுமானவனுக்குச் சந்தேகமே இல்லை. சாமி சிலையில் இருக்கிற அபயக் கை, அஞ்ச வேண்டாம் என்று அர்த்தம். வரதராஜு விரலை எண்ணிப் பார்த்துவிட்டு, ஐந்து பேராக வரச் சொல்கிறார் என்றார். பிச்சைமுத்து மட்டும் மெல்லச் சிரித்தார். பள்ளிக்கூடத்தில் பெயர் கூப்பிட்டால் பிள்ளைகள் இப்படித்தான் கை தூக்குவார்கள். 'உள்ளேன் ஐயா' என்கிறார் அம்பலவாணர். மூன்றையும் சேர்த்துப் பார்த்தால் எல்லாம் கச்சிதமாகப் பொருந்தியது. அஞ்சாமல் ஐந்து பேராக வாருங்கள், நான் வீட்டில்தான் இருப்பேன். இவர்கள் நான்கு பேர், வைரக்கண்ணுவின் மனைவி செண்பகவல்லியோடு ஐந்து.

செண்பகவல்லிக்குத்தான் மனசு ஒப்பவில்லை. பையன் இல்லாமல் என்ன நிச்சயம், நாலு பேர் என்ன சொல்வார்கள் என்று அடுப்படியில் நின்று கண்ணைக் கசக்கினாள். வைரக்கண்ணுவுக்கு மனைவி அழுதால் கை எங்கே இருக்கிறது என்று தெரியாது. கைபேசியைத் தடவிக்கொண்டே நின்றார். திரையின் மேலிருந்து ஒரு பலகை சரிந்து இறங்கியது. அதில் ஒரு விமானப் படம் இருந்தது.

வைரக்கண்ணு குனிந்தார். "ஐயா, எம்பய கப்பல்ல இருக்கான். செத்த கூட்டிட்டு வர்றீங்களா?" என்று கேட்டார். விமானம் மறுக்கவில்லை. தொட்டார். படம் பளிச்சென்று ஆயிற்று. திரையின் உச்சியில் இருந்த டவர் கோடுகளெல்லாம் மறைந்து, அங்கே ஒரு குட்டி விமானம் வந்து நின்றது.

"ஏறிட்டான் செண்பகம்," என்றார்.

அதற்கப்புறம் கைபேசிக்கு அழைப்பும் வரவில்லை, செய்தியும் வரவில்லை. அதில் யாருக்கும் ஆச்சரியம் இல்லை. விமானத்தில் போகிறபோது பேசக்கூடாது என்று பிச்சைமுத்துவுக்குத் தெரியும்.

இறங்க இடம் வேண்டுமே. செண்பகவல்லி முற்றத்தில் காயப்போட்டிருந்த கொத்தமல்லி விதையை அள்ளி, கோழிக் கூண்டை நகர்த்தி, நடுவில் முக்காலி போட்டு அதன்மேல் கைபேசியை வைத்தார்கள். இத்தனூண்டு விமானத்திலிருந்து ஆள் எப்படி இறங்குவான் என்று அவள் கேட்டாள். தூரத்தில் இருக்கிறது எல்லாம் சின்னதாகத்தான் தெரியும், கிட்டே வர வரப் பெரிதாகும் என்றார் தாயுமானவன். அதனால் சுவரோரமாகவே நடந்து பழகினாள்.

வியாழக்கிழமை விடிந்தும் விமானம் இறங்கவில்லை. நேராக மேலச்சுனைக்கே வந்துவிடும் போலிருக்கிறது என்று முடிவு செய்தார்கள். வெற்றிலை, பாக்கு, வாழைப்பழம், புடவை வைத்த தட்டின் நடுவே கைபேசியையும் வைத்து, ஐந்து பேரும் பஸ் ஏறினார்கள். வைரக்கண்ணு தட்டை மடியில் சாயாமல் பிடித்துக்கொண்டார். பஸ் ஒரு பக்கம் வளைந்தால் விமானம் கவிழ்ந்துவிடக் கூடாதென்று ஐவரும் மறுபக்கம் சாய்ந்தார்கள்.

கண்டக்டர் வந்ததும், மாப்பிள்ளை உள்ளே வருகிறார், அவருக்கும் டிக்கெட் எடுக்க வேண்டுமா என்று வைரக்கண்ணு கேட்டார். கண்டக்டர் தட்டைப் பார்த்தார், அவர் முகத்தைப் பார்த்தார். சீட்டில் உட்காராதவர்களுக்கு வேண்டாம் என்று சொல்லிவிட்டு முன்பக்கம் போய் நின்றுகொண்டார்.

மேலச்சுனையில் அம்பலவாணர் வீடு பூட்டியிருந்தது.

வைரக்கண்ணு பூட்டை இழுத்துப் பார்த்தார். மை போட்ட சம்மதம். அஞ்சாதே என்று கை காட்டிய மனுஷன். அன்றைக்குக் காபி டம்ளரைத் தொடாமல் எழுந்து போனவர்களின் முதுகு அவருக்கு ஞாபகம் வந்தது. செண்பகவல்லி முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டாள். அவர் தட்டை மட்டும் கீழே வைக்கவில்லை.

பக்கத்து வீட்டம்மா எட்டிப் பார்த்து விவரம் சொன்னாள். மாப்பிள்ளை வீட்டிலிருந்து கைபேசியில் ஒரே சத்தம் வந்ததாம். நாங்க ஏன் இறங்கி வரணும், உங்க ஆளே இறங்கி வரட்டும் என்றார்களாம். பெண்ணைப் பெற்றவன்தானே இறங்கிப் போக வேண்டும் என்று அம்பலவாணரும் ஒத்துக்கொண்டாராம். நீங்க வராதீங்க, நில்லுங்க என்று கையைக் காட்டி அனுப்பினாராம். அப்புறம் எத்தனை தடவை கூப்பிட்டும் போன் போகாததால், காலையிலேயே அவரும் அவர் மனைவி கோமதியும் தட்டோடு கொட்டாரப்பட்டிக்குக் கிளம்பிவிட்டார்களாம்.

"யாருய்யா அது, அவ்வளவு சண்டை போட்டவங்க?" என்று தாயுமானவன் வரதராஜுவைக் கேட்டார். வரதராஜுவுக்கும் தெரியவில்லை.

ஓடிப்போய்த் திரும்புகிற பஸ்ஸைப் பிடித்தார்கள். கொட்டாரப்பட்டியில் இவர்கள் வீட்டுப் பூட்டைப் பார்த்துவிட்டு, அம்பலவாணரும் அதே நேரத்தில் திரும்புகிற பஸ்ஸைப் பிடித்திருந்தார். ஆகவே இவர்கள் தங்கள் வீட்டுக்கு வந்தபோது அவர் தன் வீட்டில் இருந்தார். இவர்கள் மறுபடி மேலச்சுனைக்குக் கிளம்பினார்கள். அவரும் மறுபடி கொட்டாரப்பட்டிக்குக் கிளம்பினார்.

இரண்டு ஊருக்கும் நடுவில் முக்கூட்டு என்று ஓர் இடம். இரண்டு பக்கத்துப் பஸ்ஸும் அங்கே டீ குடிக்க நிற்கும். ஒவ்வொரு தடவையும் எதிரும் புதிருமாக நின்றன. ஆனால் எழுந்தால் சீட்டுப் போய்விடும் என்று இந்தப் பஸ்ஸில் ஐந்து பேரும், அந்தப் பஸ்ஸில் இரண்டு பேரும் அசையாமல் உட்கார்ந்திருந்தார்கள். இரண்டு பஸ்ஸிலும் வேறு ஆளே இல்லை.

இந்தத் தடவை வைரக்கண்ணுவுக்கு மனசு விட்டுப்போயிற்று. மனைவியின் காதருகே குனிந்து, தன் கணக்கில் ரகசியமாக, "அம்பலவாணர் நம்மளைக் கைவிட்டுட்டாரு செண்பகம்," என்றார்.

எதிர்ப் பஸ்ஸிலிருந்து, "விடலையே," என்று பதில் வந்தது.

திரும்பிப் பார்த்தார். ஜன்னலில் ஒரு வழுக்கைத் தலை, மடியில் தட்டு. இருவரும் இறங்கி ரோட்டின் நடுவில் ஒருவர் கையை ஒருவர் பிடித்துக்கொண்டார்கள். அம்பலவாணருக்கும் கண் கலங்கியிருந்தது. நீங்கள் ஒரு அதட்டல் போட்டீர்களே, அந்தக் கணீர் குரலைக் கேட்டதுமே என் மகளுக்கு இவர்தான் மாமனார் என்று கோமதியிடம் சொல்லிவிட்டேன் என்றார். வைரக்கண்ணுவின் குரலை அதுவரை யாரும் புகழ்ந்ததில்லை. வாழ்க்கையில் முதல்முறையாக மெதுவாகப் பேசினார். யாருக்கும் கேட்கவில்லை.

நல்ல நேரம் முடியப்போகிறதென்று டீக்கடை பெஞ்சிலேயே தட்டு மாற்றினார்கள். மாப்பிள்ளை எங்கே என்றார் அம்பலவாணர். வைரக்கண்ணு கைபேசியை இரண்டு கையாலும் எடுத்துக் கொடுத்தார். அம்பலவாணர் குட்டி விமானத்தை உற்றுப் பார்த்துக் கும்பிட்டார்.

"பத்திரமா வந்துட்டு இருக்காரு. ஆனா பெட்ரோல் சிவப்புக்கு வந்துடுச்சே சம்பந்தி," என்றார் கவலையோடு.

டீ மாஸ்டர் வாங்கி ஒரு வயரில் சொருகினார். பெட்ரோல் ஏறத் தொடங்கியது. கொட்டாரப்பட்டிக்காரர்களுக்கு அந்த டீக்கடைமேல் பெரிய மதிப்பு வந்துவிட்டது.

கோயம்புத்தூரில் இருக்கிற பெண்ணுக்கு ஒரு போட்டோ அனுப்ப வேண்டும் என்றாள் கோமதி. அம்பலவாணர் தன் கைபேசியை எடுத்துக் கேமராவைத் திறந்து, எல்லோரும் பார்க்கும்படி டீ கிளாஸ் ஒன்றில் சாய்த்து வைத்தார். திரையில் கிளாஸுக்குப் பின்னால் இருந்த பன் மட்டும் தெரிந்தது. மூலையில் இரண்டு அம்புக்குறி ஒன்றையொன்று துரத்திக்கொண்டு வட்டமாக இருந்தது.

"பிரதட்சிணம் பண்ணச் சொல்லுது," என்றார் தாயுமானவன். இதில் வரதராஜுவுக்கும் ஆட்சேபணை இல்லை.

ஏழு பேரும் பெஞ்சைச் சுற்றி வந்தார்கள். வந்து உட்கார்ந்ததும், தொடலாமுங்களா என்று வைரக்கண்ணு கேட்டுவிட்டு அம்புக்குறியைத் தொட்டார். பன் மறைந்தது. உள்ளே ஒரு கூட்டம் உட்கார்ந்திருந்தது.

எல்லோரும் இன்னும் கிட்டே நகர்ந்தார்கள். பிச்சைமுத்துதான் முதலில் வாயைத் திறந்தார். இன்றைக்கு நல்ல முகூர்த்தம் ஆயிற்றே, அவர்களும் எங்கேயோ நிச்சயத்துக்குப் போய்விட்டு டீக்கடையில் இறங்கியிருக்கிறார்கள், தட்டெல்லாம் இருக்கிறது பாருங்கள் என்றார். அங்கேயும் ஒருத்தர் பட்டை, ஒருத்தர் நாமம். கலந்து பழகுகிற நல்ல கூட்டம் என்று தாயுமானவனும் வரதராஜுவும் ஒரே குரலில் சொன்னார்கள். வைரக்கண்ணு மரியாதைக்கு ஒரு கும்பிடு போட்டார்.

"பாருங்க சம்பந்தி, நான் கையெடுக்குறதுக்குள்ள அவரும் எடுத்துட்டாரு."

செண்பகவல்லி குனிந்து பார்த்தாள். அந்தம்மா கட்டியிருக்கிற புடவை கொஞ்சம் பழசுதான், ஆனாலும் முகத்தில் ஒரு களை இருக்கிறது என்றாள். பிறகு புருஷனின் கையைச் சுரண்டினாள். "நம்ம சின்னவனுக்கு அவங்க வீட்டுல பொண்ணு இருக்கான்னு கேளுங்க."

வைரக்கண்ணு கேட்டார். எதிரில் இருந்தவரும் அதே சமயம் வாயசைத்தார்.

"என்ன சொல்றாரு?"

"அவரும் அதையேதான் கேக்குறாரு. அவங்களுக்கும் பையன்தான் போல."

எல்லோருக்கும் பாவமாகிவிட்டது. ஒரு பெண்ணைத் தேடி எத்தனை பஸ் ஏறி இறங்கினார்களோ என்றார் அம்பலவாணர். வைரக்கண்ணு கூப்பிட்ட கூப்பாட்டில் டீ மாஸ்டர் ஏழு கிளாஸை நிரப்பிக்கொண்டு வந்து, சொன்னபடியே கைபேசி முன்னால் வரிசையாக வைத்துவிட்டுப் போனார். தங்களுக்கும் ஆளுக்கொன்று வாங்கிக் கையில் வைத்துக்கொண்டார்கள். விருந்தாளிகள் முதலில் குடிக்கட்டும் என்று காத்திருந்தார்கள்.

அவர்களும் மரியாதை தெரிந்தவர்கள். ஒருத்தரும் கிளாஸை வாயில் வைக்கவில்லை. இவர்கள் குடிக்கட்டும் என்று அங்கேயே காத்திருந்தார்கள்.